களியக்காவிளையைத் தாண்டும் மருத்துவக் கோப்புகள்

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஏட்டளவிலேயே இருந்தது. அதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அரசிதழில் வெளியிட்ட பிறகுதான் அது நடைமுறையை நோக்கி நகரத் தொடங்கியது. புகார்களை விசாரித்து அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பது தொடர்பான பகுதிகள் உடனே அமலுக்கு வந்தன. மருத்துவமனை, பரிசோதனைக்கூடம், காப்பீட்டு நிறுவனம், மருத்துவச் செயலி என நம்முடைய உடல்நல விவரங்களைக் கணினியில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய முதன்மையான கடமைகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், கட்டாயமாகும். குழித்துறையில் வழக்குரைஞராக இருக்கும் எனக்கு இந்த இடைக்காலம் மிகவும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நோயாளிகளுடைய விவரங்கள் பயணம் செய்யும் விதம் தமிழகத்தின் பிற மாவட்டங்கள் பலவற்றில் இல்லாத ஒன்று என்பதே அதற்குக் காரணம்.

1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. ஆட்சி எல்லை மாறியபோதும் நோயாளிகளின் பாதை மாறவில்லை. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று ஐயம் எழுந்தால், குடும்பத்தார் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் போலவே திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையத்தையும் இயல்பாக நினைக்கிறார்கள். இதயத்திலோ மூளையிலோ சிக்கல் என்றால் அதே நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நினைவுக்கு வருகிறது. மார்த்தாண்டத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு, நாகர்கோவிலில் எடுத்த ஸ்கேன், திருவனந்தபுரத்தில் பதிந்த புறநோயாளிச் சீட்டு ஆகிய மூன்றும் ஒரே துணிப்பையில் தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிச் செல்வது இங்கே பல குடும்பங்களின் வாழ்க்கையில் ஒரு பகுதி. இப்போது அந்தப் பையிலிருந்த தாள்கள் தொலைபேசிக்குள் புகுந்துவிட்டன. பரிசோதனைக்கூடம் முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது. மனைவி அதைச் சார்ஜாவிலோ தம்மாமிலோ வேலை செய்யும் கணவருக்கு அனுப்புகிறார். அவர் அங்குள்ள மலையாளி மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கிறார். ஒரு நாளுக்குள் ஒரு மனிதரின் உடல்நல விவரம் இரண்டு மாநிலங்களையும் இரண்டு நாடுகளையும் தொட்டுவிடுகிறது.

புதிய சட்டம் இந்தப் பயணத்தில் எங்கே தலையிடுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் வடிவில் இருக்கும் விவரங்களுக்கும், தாளில் பெறப்பட்டுப் பின்னர் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றப்பட்ட விவரங்களுக்கும் மட்டுமே இது பொருந்தும். மருத்துவமனை அலமாரியில் தாளாகவே கிடக்கும் கோப்பை இச்சட்டம் தொடாது. அதே கோப்பு கணினியில் ஏற்றப்பட்டால் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடும். ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் விவரங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கணவருக்கு ரிப்போர்ட்டை அனுப்பிய மனைவி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பரிசோதனைக்கூடத்தின் ஊழியர், நோயாளியின் பெயரும் வயதும் நோயும் தெரியும் வகையில், அந்த முடிவைப் பலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அதற்கு அந்நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். நம் ஊர்களில் ஒருவருடைய வீட்டு விவரம் அடுத்த தெருவரை போவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. மணமாகாத ஒரு பெண்ணின் கருப்பைக் கட்டி பற்றிய செய்தி கசிந்ததால் நின்றுபோன நிச்சயதார்த்தத்தை நான் அறிவேன். அந்தக் குடும்பம் வழக்குத் தொடுக்க விரும்பவில்லை. வழக்கே அச்செய்தியை இன்னும் பரப்பும் என்று அவர்கள் கருதியது நியாயமே.

சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. ஒப்புதல் தடையின்றியும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்துக்கு இடமின்றியும் தரப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையான விவரங்களோடு அது நின்றுவிடவும் வேண்டும். இதை விளக்குவதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு மருத்துவத் துறையிலிருந்து வருகிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, மருத்துவ ஆலோசனை வழங்குவதற்கும், பயனாளரின் தொலைபேசியில் உள்ள தொடர்புப் பட்டியலைப் பார்ப்பதற்கும் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது. பயனாளர் இரண்டுக்கும் சம்மதம் தந்துவிடுகிறார். ஆனாலும் தொடர்புப் பட்டியல் மருத்துவ ஆலோசனைக்குத் தேவையற்றது என்பதால், அவர் தந்த ஒப்புதல் ஆலோசனைக்கு மட்டுமே செல்லும். மருந்துக்கடை பற்றியும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பணம் செலுத்தியதற்கான ரசீதைத் தொலைபேசிக்கு அனுப்புமாறு எண்ணைக் கொடுத்தால், ரசீதை அனுப்புவதற்கு அந்த எண்ணைக் கடை பயன்படுத்தலாம். அதே எண்ணுக்குச் சர்க்கரை நோய் மாத்திரை விளம்பரம் வந்துகொண்டே இருப்பதற்கு அந்த எடுத்துக்காட்டில் இடமில்லை. உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சட்டம் சொல்கிறது. விபத்தில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவரிடம் கையெழுத்துக் கேட்கும் நிலை வராது.

இச்சட்டத்தில் நம் மாவட்டத்துக்கு மிகுந்த பயன் தரக்கூடிய பகுதி எது என்று கேட்டால், மொழி பற்றிய விதியையே நான் சுட்டுவேன். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நோயாளிக்குத் தர வேண்டும். தமிழும் மலையாளமும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. எல்லையோரக் கிராமங்களில் வீட்டில் மலையாளம் பேசி, பள்ளியில் தமிழ் படித்து, மருத்துவமனையில் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்திடும் மக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். “இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து” என்று விரலால் சுட்டிக் காட்டி வாங்கப்படும் சம்மதத்தைப் புதிய சட்டத்தின்படி விவரம் அறிந்து தந்த ஒப்புதல் என்று வாதிடுவது கடினம். தகராறு எழுந்தால் ஒப்புதல் முறையாகப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் விவரத்தைக் கையாளும் நிறுவனத்தையே சாரும். திருவனந்தபுரத்தின் ஒரு மருத்துவமனை குமரி மாவட்ட நோயாளிக்குத் தமிழில் அறிவிப்பைத் தர வேண்டியிருக்கும் என்பது இதிலிருந்து இயல்பாகவே பெறப்படுகிறது.

இவ்வளவு நன்மைகளைச் சொன்ன பிறகு, எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், மருத்துவப் பதிவுகள், உடல் மற்றும் மனநல நிலை ஆகியவற்றை நுண்ணுணர்வு மிக்க தனிநபர் தகவல்கள் என்ற தனி வகையில் வைத்திருந்தன. 2023-ஆம் ஆண்டின் சட்டத்தில் அப்படி ஒரு தனி வகையே இல்லை. ஒருவருடைய வீட்டு முகவரிக்கும், அவருக்கு இருக்கும் காசநோய்க்கும் சட்டத்தின் முன் ஒரே மதிப்பு. அதோடு, அலட்சியத்தால் விவரங்கள் கசிந்து பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோருவதற்கு இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும், புதிய சட்டம் முழுமையாக அமலுக்கு வரும்போது நீங்கிவிடும். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். நோயின் விவரம் ஊரறியப் போன மனிதருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது. இதை நான் சட்டத்தின் பெருங்குறையாகவே பார்க்கிறேன். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் 2022 நவம்பரில் தாக்குதலுக்கு உள்ளாகி அன்றாடப் பணிகளே கையால் எழுதும் முறைக்குத் திரும்ப நேர்ந்ததையும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024-இல் டெலிகிராமில் வெளியானதையும் பார்த்த பிறகும், பாதிக்கப்பட்டவருக்கு என்ன என்ற கேள்விக்கு விடை தராமலேயே ஒரு சட்டம் நடைமுறைக்கு வருகிறது. கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும், வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும் என்ற விதிகளை நான் வரவேற்கிறேன். ஆயினும் அறிவிப்பு வேறு, ஈடு வேறு.

சில நோய்களைப் பொறுத்தவரை பழைய சிறப்புச் சட்டங்கள் இன்னும் நம்மைக் காக்கின்றன. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புக்கான 2017-ஆம் ஆண்டின் சட்டம் நோயாளியின் நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியம் காக்கப்படும் உரிமையையும், தம் மருத்துவப் பதிவுகளைத் தாமே பெறும் உரிமையையும் தருகிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும் சட்டப்படி உரியவரைத் தவிர வேறு யாரிடமும் வெளிப்படுத்தும் மருத்துவருக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவச் சேவையில் குறைபாடு என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழி 1995-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலிருந்து திறந்தே இருக்கிறது.

கோப்பை வெளியே கசியவிடுவது ஒரு பக்கம் என்றால், கோப்பை நோயாளிக்கே தர மறுப்பது மறுபக்கம். என்னிடம் வருவோர் மிகுதியாகச் சொல்வது இந்த இரண்டாவது குறையைத்தான். வேறு மருத்துவமனைக்குப் போவதாகச் சொன்னவுடன் ஸ்கேன் படங்களையும் அறுவைச் சிகிச்சைக் குறிப்பையும் தர இழுத்தடித்த ஒரு மருத்துவமனையோடு என் உறவினர் ஒருவருக்காக நானே பேச வேண்டியிருந்தது. மருத்துவர்களின் நடத்தை பற்றிய 2002-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதற்கு மாற்றாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய ஒழுங்குமுறை, மருத்துவர்களின் எதிர்ப்பால் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், 2002-இன் விதியே இன்றும் நடப்பில் உள்ளது. எழுத்தில் கேட்பது, கேட்ட நாளைக் குறித்து ஒப்புகை வாங்குவது ஆகிய இரண்டையும் செய்தாலே பெரும்பாலான இடங்களில் கோப்பு கைக்கு வந்துவிடுகிறது.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், கொள்கையளவில், நம்முடைய துணிப்பைச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே அமைந்தது போன்றது. ஆபா எனப்படும் 14 இலக்க உடல்நலக் கணக்கு எண்ணை வைத்திருப்பவர், ஒரு மாநிலத்தில் உருவான பதிவை மற்றொரு மாநிலத்து மருத்துவர் பார்ப்பதற்குத் தம் தொலைபேசியிலிருந்தே அனுமதி தரவும், பின்னர் அதைத் திரும்பப் பெறவும் முடியும். அந்த எண்ணைப் பெறுவது கட்டாயமில்லை. அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. எல்லையின் இருபுறமும் உள்ள மருத்துவமனைகள் இதில் முழுமையாக இணைந்தால் குமரி மாவட்ட நோயாளிகளுக்கு ஒரே பரிசோதனையை இருமுறை செய்யும் செலவு குறையும். ஐரோப்பிய ஒன்றியம் தன் 27 நாடுகளுக்காக இயற்றிய சுகாதாரத் தரவுவெளி ஒழுங்குமுறை 2025 மார்ச்சில் அமலுக்கு வந்தது; நோயாளியின் சுருக்கக் குறிப்பும் மருந்துச் சீட்டும் 2029-க்குள்ளும், படங்களும் பரிசோதனை முடிவுகளும் 2031-க்குள்ளும் நாடுவிட்டு நாடு செல்ல வேண்டும் என்று அது காலவரையறை விதித்திருக்கிறது. தனித்தனி மொழிகளும் அரசுகளும் உடைய நாடுகள் நாள் குறித்துச் செய்ய முனைவதை, ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்கள் நாள் குறிக்காமல் விட்டுவைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வளைகுடாவில் வேலை செய்வோரின் நிலை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், அந்நாட்டில் உருவான உடல்நல விவரங்களை நாட்டுக்கு வெளியே சேமிப்பதையோ அனுப்புவதையோ பொதுவாகத் தடுக்கிறது. 2021-இல் சில விலக்குகள் அறிவிக்கப்பட்டன. அங்குள்ள மருத்துவமனையின் கணினியிலிருந்து நேரடியாகப் பதிவுகளைப் பெற்றுவிடலாம் என்று இங்குள்ள குடும்பத்தார் எண்ணக் கூடாது. வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவோர், புறப்படுவதற்கு முன்பே தம் பதிவுகளின் நகலைத் தாமே கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.

தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச் 25 அன்று வெளியான வழிகாட்டுதல்கள் இன்னும் அடிப்படையாக உள்ளன. தூத்தூரிலிருந்தோ பேச்சிப்பாறை மலையடிவாரத்திலிருந்தோ ஒருவர் காணொளியில் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் போதை மருந்துச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையும், மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் தொலைமருத்துவம் வழியே எழுதித் தர மருத்துவர்களுக்குப் பொதுவாக அனுமதியில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி மருத்துவருக்குத் துணைபுரியலாமே தவிர, தானே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் அவ்வழிகாட்டுதல் கூறுகிறது. நோயைக் கண்டறிய உதவும் மென்பொருளும் 2020-இலிருந்து மருத்துவக் கருவிகளுக்கான சட்ட வரையறைக்குள் வந்துவிட்டது. நெஞ்சகப் படத்தைப் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் மென்பொருளுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்பது, மருந்துப் பெட்டியில் காலாவதி நாளைப் பார்ப்பது போன்ற ஒரு பழக்கமாக வேண்டும்.

இணையவழி மருந்து விற்பனை பற்றி நிறைவு தரும் செய்தி எதுவும் என்னிடம் இல்லை. 2018-இல் வெளியான வரைவு விதிகள் இறுதி செய்யப்படவே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி விதித்த தடையை, அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்திவைத்தது. அன்றிலிருந்து விற்பனை நடக்கிறது, விதிதான் இல்லை.

நம் கடற்கரைக்கே உரிய ஒன்றுக்கு வருகிறேன். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இயங்குகிறது. கதிரியக்கத் தன்மையுள்ள தோரியம் கலந்த மோனசைட் என்னும் கனிமம் மணலில் இருப்பதால் இக்கடற்கரைப் பகுதிகளில் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களைவிட மிகுதி. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, ஊர்வாரியாகப் புற்றுநோய்க் கணக்கை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை வலுவாக எழுந்தது. கதிர்வீச்சுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை வரையறுப்பது அறிவியலாளர்களின் பணி. கணக்கைக் கேட்பது மக்களின் உரிமை. தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற நிலையை உருவாக்கியிருக்கிறது. இதைக் காட்டி ஊர்வாரி எண்ணிக்கையையும் அதிகாரிகள் மறுப்பார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. பெயரும் முகவரியும் நீக்கிய எண்ணிக்கை தனிநபர் தகவல் ஆகாது. புள்ளிவிவரத்துக்கும் ஆய்வுக்கும், உரிய தரநெறிகளைப் பின்பற்றினால், இச்சட்டமே விலக்குத் தருகிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவும் தகவல் உரிமைச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. விண்ணப்பிப்போர் இந்த மூன்றையும் மனுவிலேயே குறிப்பிட வேண்டும். அதே வேளையில், நூறு வீடுகள்கூட இல்லாத ஒரு குடியிருப்பில் குழந்தைகளுக்கான இரத்தப் புற்றுநோய் ஒன்று என்று வெளியிட்டால் அது எந்த வீடு என்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஊராட்சி அளவிலோ, சில ஆண்டுகளைச் சேர்த்தோ கேட்பது, கேட்பவரின் நோக்கத்தையும் நோயாளியின் மானத்தையும் ஒருங்கே காக்கும்.

2027 மே வருவதற்கு முன்பு நம் மாவட்டத்தின் சிறிய மருத்துவமனைகளும் பரிசோதனைக்கூடங்களும் செய்யக்கூடிய பணி ஒன்று இருக்கிறது. அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு பக்கத்தில், தமிழிலும் மலையாளத்திலும், தனியாக நின்று பொருள்தரும் அறிவிப்பு ஒன்றை அவை அணியமாக்க வேண்டும். எந்தெந்த விவரங்களைப் பெறுகிறோம், அவற்றை எதற்காகப் பயன்படுத்துகிறோம், கொடுத்த ஒப்புதலைக் கொடுத்ததைப் போலவே எளிதாக எப்படித் திரும்பப் பெறுவது, குறையை யாரிடம் சொல்வது, அங்கே தீராவிட்டால் வாரியத்திடம் எப்படி முறையிடுவது என்பன அதில் இருக்க வேண்டும் என்று விதிகளே வகுத்துள்ளன. குறைகளுக்கு 90 நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பதையும், தாம் இறந்தாலோ செயலிழந்தாலோ தம் உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கும் உரிமை 14-ஆம் பிரிவின்படி நோயாளிக்கு உண்டு என்பதையும் அதில் சேர்க்கலாம். கணவர் வெளிநாட்டிலும் முதியவர்கள் தனித்தும் வாழும் வீடுகளில் இந்த நியமனம் மிகவும் தேவைப்படும். அப்படி ஒரு மாதிரி அறிவிப்பைத் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். மலையாள வடிவத்தை நண்பர் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டும் நிறைவுற்றதும் இங்கேயே வெளியிடுகிறேன். மருத்துவமனை நடத்துவோரும் பரிசோதனைக்கூடம் வைத்திருப்போரும் அவற்றைக் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தியும் கொள்ளலாம்.